யாளி முகமும் கிட்டார்த் தலையும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலின் முன்மண்டபத் தூண்களில் குதிரையிலும் யானையிலும் ஏறிய வீரர்கள் போருக்குப் புறப்பட்ட கோலத்தில் நிற்கிறார்கள். அந்தக் கோயில் திருப்பணியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர். அவருடைய மகன் ரகுநாத நாயக்கர். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரகுநாதர் தஞ்சையை ஆண்டபோது, அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் துணையோடு, 24 மெட்டுகள் நிலையாகப் பதிந்த இன்றைய வீணை உருப்பெற்றது என்கிறது நம் இசை மரபு. தகப்பன் பெயர் கருங்கல்லில், மகன் பெயர் வீணை செய்யும் பலாமரத்தில். நாயக்கர் காலத் தூண்களில் வாய் பிளந்து நிற்கும் யாளிதான் தஞ்சை வீணையின் நுனியிலும் கீழ்நோக்கி வளைந்து இருக்கிறது. இன்றைக்கு வாங்கும் புது வீணையிலும் அதே யாளிதான்.

எலக்ட்ரிக் கிட்டாரின் கதை நேர்மாறானது. பிறந்து நூறு ஆண்டு ஆவதற்குள் அதன் தலை எத்தனையோ வடிவம் எடுத்துவிட்டது. பழைய கிட்டார்களைச் சேகரிப்பவர்கள் தலையைப் பார்த்தே எந்தக் காலத்துக் கருவி என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கருவியில் தலை அசையாமல் இருக்க, இன்னொன்றில் ஏன் இப்படி மாறிக்கொண்டே வந்தது? தந்தியைப் பின்தொடர்ந்து போனால் விடை கிடைக்கும்.

சுருதியைத் தீர்மானிப்பது, தந்தி அதிரும் பகுதியின் நீளமும் எடையும் இழுவிசையும். அந்தப் பகுதி, கருவியின் உடல்மேல் தந்தியைத் தாங்கும் ‘குதிரை’யில் தொடங்கி, கழுத்தின் மறுமுனையில் உள்ள மேருவில் முடிகிறது. கிட்டார்க்காரர்கள் மேருவை ‘நட்’ என்பார்கள். மேருவைத் தாண்டிய பிறகு தந்தி எவ்வளவு தூரம் போனாலும் சுருதி மாறாது. அப்படியானால் தலைக்கு வேலையே இல்லையா? இரண்டு வேலைகள் உண்டு. தந்தி மேருவின் மேல் அழுத்தமாக உட்காரும்படி அதைக் கீழ்நோக்கி மடக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தி கரகரக்கும். அடுத்து, இழுத்து வாசித்துவிட்டு விரலை விட்டதும், மேருவின் பள்ளத்தில் வழுக்கிய தந்தி சிக்காமல் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். கமகம் வாசிக்கும் வீணைக்காரருக்கும், தந்தியை வளைத்து வாசிக்கும் கிட்டார்க்காரருக்கும் இது ஒரே பிரச்சினை. பக்கவாட்டில் கோணி ஓடும் தந்தி மேருவில் உராய்ந்து, சிக்கி, சுருதி கலையும்.

கிப்சன் கம்பெனி, சுருதி சேர்க்கும் சாவிகளைத் தலையில் பக்கத்துக்கு மூன்றாக வைத்து, தலையை 17 பாகை பின்னுக்குச் சாய்த்தது. அழுத்தம் நன்றாகக் கிடைத்தது. ஆனால் சாவிகள் விலகி நிற்பதால் நடுவிலுள்ள தந்திகள் கோணி ஓடின. இன்னொரு கேடு மரத்துக்குள் இருந்தது. கழுத்தையும் தலையையும் ஒரே மகோகனிக் கட்டையில் சாய்வாக அறுக்கும்போது, மரத்தின் ரேகை தலைப்பகுதியில் குறுக்கே வெட்டுப்படுகிறது. போதாததற்கு, கழுத்தின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைத் திருகுவதற்கான குழியும் சரியாக அங்கேதான். மரம் மெலிந்து, ரேகையும் அறுபட்ட அந்த இடத்தில், கிட்டார் ஒருமுறை மல்லாந்து விழுந்தால் தலை பிளந்துபோகும். 1960-களின் நடுவில் சாய்வை 14 பாகையாகக் குறைத்தார்கள். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கழுத்தின் பின்புறம் ஒரு மரப்புடைப்பை விட்டுப் பலப்படுத்தினார்கள். உடைந்து உடைந்துதான் அந்தத் தலை பாடம் கற்றது.

இன்னொரு கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் வேறு வழி பிடித்தார். ஆறு சாவிகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்தால், ஆறு தந்தியும் மேருவிலிருந்து நேர்க்கோட்டில் ஓடும். இந்த யோசனை பழையது. 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ஸ்டாஃபர் பட்டறை இப்படிக் கிட்டார் செய்தது. 1833-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய சி. எஃப். மார்ட்டின் அந்த வடிவத்தைக் கையோடு கொண்டுபோனார். 1948-இல் கிட்டார்க் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்காகப் பால் பிக்ஸ்பி செய்த எலக்ட்ரிக் கிட்டாரிலும் அதே ஒருபக்க வரிசை. ஃபெண்டர் செய்த பெரிய காரியம் தலையைச் சாய்க்காமல் விட்டது. தட்டையான மேப்பிள் பலகையில் கழுத்தையும் தலையையும் சேர்த்து அறுத்து, தலையை மட்டும் கொஞ்சம் இழைத்துத் தாழ்த்தினார். மரமும் மிச்சம், வேலையும் மிச்சம், ரேகையும் அறுபடவில்லை. தூரத்துச் சாவிகளுக்குப் போகும் மெல்லிய தந்திகளுக்கு மட்டும் அழுத்தம் குறைந்தது. அவற்றைக் கீழே அழுத்திப் பிடிக்க ஒரு சின்னக் கொக்கியைத் திருகிவிட்டார். அறிவியலும் சிக்கனமும் ஒன்றாக உட்கார்ந்த இந்தத் தீர்வை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1954-இல் வந்த ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் தலை சிறியது. 1965-இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது; அந்த ஆண்டின் இறுதியிலேயே தலை பெருத்துவிட்டது. 1969-இல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தலைகீழாகப் பிடித்து வாசித்த வெள்ளைக் கிட்டாரில் இருந்தது அந்தப் பெரிய தலைதான். இசை கேட்டு வந்த மாற்றமாக இது எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியின் பெயர் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்ற காலம் வந்துவிட்டது. 1977-இல் கிப்சனை நடத்திவந்த நார்லின் நிறுவனம், தங்கள் தலையைப் போலவே செய்கிறார்கள் என்று ஐபனெஸ் கிட்டார்களை விற்றவர்கள்மேல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தது. தலை ஒரு கையெழுத்தாகிவிட்டது. அடுத்தவன் அதைப் போட முடியாது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர் வேறு தலையைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இப்போது வீணைக்கு வருவோம். வீணையின் சாவிகளுக்குப் பிருடைகள் என்று பெயர்; கழுத்துக்குத் தண்டி. நான்கு வாசிப்புத் தந்திகளின் பிருடைகளும் யாளிக்கு முன்பாகவே, தண்டியின் முனையில், பக்கத்துக்கு இரண்டாக முடிந்துவிடுகின்றன. தாளத் தந்திகள் மூன்றுக்கும் தண்டியின் பக்கவாட்டிலேயே பிருடைகள். மேருவைக் கடந்த தந்தி தாழ்வான குழிக்குள் இறங்கிப் பிருடையில் சுற்றிக்கொள்வதால், அழுத்தமும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. யாளியை எந்தத் தந்தியும் தொடுவதில்லை. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையில் யாளியும் அதே மரம். இணைப்பு வைத்த சாதா வீணையில் யாளியைத் தனியாகச் செதுக்கிப் பொருத்துகிறார்கள். இழுவிசையின் பாரம் ஒன்றும் அதன்மேல் ஏறாததால், சிற்பி விரும்பியபடி பல்லும் பிடரியும் செதுக்கலாம். கிட்டாரின் தலையை மாற்றிய காரணங்களில் ஒன்றுகூட யாளியை எட்டவில்லை. அதன் வடிவத்துக்கு யாரும் தனி உரிமை கொண்டாடவில்லை. தஞ்சைப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் அது பொது.

வீணையில் மாறியது பிருடை. மரப்பிருடை உராய்வால் மட்டுமே நிற்கிறது. மயிரிழை திருகினாலும் சுருதி எங்கோ போய்விடும். அதனால்தான் குதிரைக்கு அப்பால், தந்தியின் மறுகோடியில், நுண்ணிய சுருதிக்கு லங்கர் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிருடை இறுகும், கோடையில் தளர்ந்து நழுவும். கிட்டார்ச் சாவியில் பற்சக்கரம் உண்டு. சில வகைகளில் 14 முறை திருகினால்தான் அச்சு ஒரு சுற்றுச் சுற்றும். இப்போது பல வீணைகளில் மரப்பிருடையை எடுத்துவிட்டு அந்தப் பற்சக்கரச் சாவிகளையே பொருத்திக்கொள்கிறார்கள். சபா மேடைகளில் அப்படிப்பட்ட வீணைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அவற்றிலும் சாவிகளுக்கு அப்பால் யாளி அப்படியே இருக்கிறது.