பல்லும் பட்டாளமும்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது முதியோர் வாக்கு. பல்லுப் போனால் பட்டாளமும் போச்சு என்பதை நமது வாலிபர்கள் ஆள்சேர்ப்பு மைதானத்திலேதான் அறிகிறார்கள். வாழப்பாடித் தாலுகாவில் விடியுமுன் எழுந்து ஓடிப் பழகும் வாலிபன், எழுத்துப் பரீட்சையிலும் 1,600 மீட்டர் ஓட்டத்திலும் தேறி, முடிவில் வைத்தியர் முன் வாயைத் திறந்த மாத்திரத்தில் திருப்பியனுப்பப்படுவானாயின், அது யார் குற்றம்?

விதி தெளிவானது. மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் பொருந்திக் கடித்தால்தான் மதிப்பெண். முன்பற்களுக்கும் சிறு கடைவாய்ப்பற்களுக்கும் ஜோடிக்கு 1. பெரிய கடைவாய்ப்பற்களுக்கு ஜோடிக்கு 2. முப்பத்திரண்டும் நன்கமைந்தவனுக்கு 22. தேறுவதற்குக் குறைந்தது 14 வேண்டும். ஞானப்பல் முளையாத பதினெட்டு வயதினனுக்கு இருப்பதோ 18. இடப்புறம் ஒரு பெரிய கடைவாய்ப்பல்லும் வலப்புறம் ஒன்றும் போய்விட்டால் கணக்கு 14-இல் வந்து நிற்கும். அதற்குமேல் ஒரு முன்பல் போனாலும் அவன் தவறியவனே.

இது வீண் கெடுபிடியென்று எண்ணலாகாது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில், கடினமான பிஸ்கோத்தைக் கடிக்கமாட்டாமல் ஆங்கிலச் சிப்பாய்கள் பலர் களத்தினின்று அனுப்பப்பட்டனர். அப்பாடத்தையும் மறந்து, 1914-இல் பல்வைத்தியர் ஒருவருமின்றியே பிரான்ஸுக்குச் சேனையை அனுப்பினர். படைத்தலைவர் ஹெய்குக்குப் பல்வலி கண்டபோது பாரிஸிலிருந்து வைத்தியரை வரவழைக்க நேர்ந்தது. அதன் பின்னரே கண் திறந்தது. நமது சேனையில் பல்வைத்தியத்துக்கெனத் தனிப் பிரிவு 1941-இல் ஏற்பட்டது. பனிமலைக் காவல்முனையில் ஒருவன் பல்வலியால் படுத்தால், அவன் காவலையும் தோழனே சுமக்கவேண்டும். விமானத்தில் உயரே செல்பவனுக்கோ, காற்றழுத்தம் குறையக் குறையச் சொத்தைப் பல் தாங்கொணா வேதனை தரும்.

சேனையில் சேர்ந்தபின் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். சேருமுன் பார்ப்பவர் யார்? முதற் பெரிய கடைவாய்ப்பல் ஏறக்குறைய ஆறு வயதில், பால்பல் எதுவும் விழாமலே, வரிசையின் பின்னால் முளைக்கிறது. பெற்றோர் அதையும் பால்பல்லென்றே எண்ணி, சொத்தை விழுந்தால், "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகின்றனர். அது மறுபடி முளைப்பதில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து மைதானத்தில் எண்ணப்படுவது அந்தப் பல்லே.

கசந்தாலும் மற்றொன்று சொல்லவேண்டும். பாக்கு நம் பக்கத்துச் செல்வம். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் தோட்டங்கள் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. ஆயினும் பாக்கு புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் தீர்ப்பளித்திருக்கிறது. ஓயாது மெல்லுபவனுக்குப் பல் தேய்வதுடன், உட்கன்னம் நார்போல் இறுகி வாய் திறப்பதே அரிதாகும். பாக்கை விளைப்போம், விற்போம். பிள்ளைகளின் வாயில் அதை வையாதிருப்போம்.

ஆசிரியர்களே, பஞ்சாயத்தாரே! பள்ளிப் பிள்ளைகளின் பற்களை வருஷம் ஒருமுறையேனும் வைத்தியரைக் கொண்டு சோதிப்பியுங்கள். பெற்றோரே, காலையில் போலவே இரவு படுக்குமுன்னும் பல் துலக்கப் பழக்குங்கள். தேசத்துக்குப் பிள்ளையைத் தருவோமென்று மேடையில் முழங்கும் நாம், ஆறு வயதில் அவன் வாயைத் திறந்து பார்க்கவும் மறந்தால், அம்முழக்கத்தால் யாருக்கு என்ன பயன்?