ஜாமீன் கிடைத்தது... ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை!

‘ஜாமீன் கிடைச்சிடுச்சு’ என்று வக்கீல் போனில் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வருகிறது. உத்தரவைப் படித்துக் காட்டும்போதுதான் அடுத்த கவலை ஆரம்பிக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன், அவர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். நம் ஊர் கோர்ட்டுகளில் அன்றாடம் பார்க்கிற நிபந்தனை இது. ஏழைகள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஜாமீன் நிற்க வருகிறவர் வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் கொண்டுவர வேண்டும். சில கோர்ட்டுகளில் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்றும் வாங்கிவரச் சொல்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர், புறம்போக்கில் குடிசை போட்டவர், பட்டா இல்லாதவர் இதற்கெல்லாம் எங்கே போவார்கள்? அவர்களுடைய அண்ணன், மாமன், மச்சான் எல்லோரும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். சொந்த வீடு உள்ள தெரிந்தவர்களோ, ‘கோர்ட்டு, போலீஸ் நமக்கு வேண்டாம்ப்பா’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கடைசியில், காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் ஆட்களைத் தேடிப் போகிறது குடும்பம். அவர்கள் கொடுத்த ரசீது போலி என்று தெரியவந்தால் ஜாமீனே போய்விடும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஜாமீன் மறுக்கப்பட்டவர்களும் இதில் அடக்கம்தான். ஆனால், ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளேயே கிடப்பவர்களை எப்படி நியாயப்படுத்த முடியும்?

இந்த அநீதியை உச்ச நீதிமன்றம் 1978-லேயே கண்டித்தது. மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அந்தச் சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையிலேயே கொத்தனாரை விடச் சொன்னார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்றும் அந்தத் தீர்ப்பில் கேட்டார். இன்று திருப்பூரில் கைதாகும் ஒடிசா, பிகார் தொழிலாளிக்கும் அதே கேள்விதான்.

உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை உதவி அறிவிக்கப்பட்டது. பணத்தை அரசு கொடுத்துவிடலாம். வீட்டு வரி ரசீதோடு வந்து நிற்கும் ரத்த உறவை யார் கொடுப்பது?

வெளியே வந்தாலும் ‘தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து’ காத்திருக்கிறது. விடிந்ததும் சித்தாள் வேலைக்குக் கிளம்பினால்தான் அன்றைய கூலி. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்?

ஜாமீன்தாரர் இல்லாவிட்டால் ஆள் ஓடிவிடுவார், சாட்சியை மிரட்டுவார் என்கிறது போலீஸ் தரப்பு. அப்படிச் செய்யக்கூடியவர்களுக்குக் கடுமையான நிபந்தனை போடட்டும். பிள்ளைகளை அதே தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, அன்றாடக் கூலிக்குப் போகிறவர் எங்கே ஓடுவார்?

வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களில், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 478-வது பிரிவு. மற்ற குற்றங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கேயும் அதே அளவுகோல் வர வேண்டும். அதுவரை, உத்தரவு வந்தும் வெளியே வர முடியாதவரின் குடும்பத்தார், தாலுகா சட்டப் பணிகள் குழுவின் இலவச வக்கீல் மூலம் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம். ஆனால், ஒவ்வொரு ஏழையும் மனுப் போட்டுப் பெற வேண்டிய சலுகையாக இது இருக்கக் கூடாது. சொத்தில்லாதவருக்குச் சொந்தப் பிணை போதும் என்று முதல் உத்தரவிலேயே எழுதுங்கள்!