முட்டிக்குக் கீல் வைத்த பட்டை: வாங்கும் முன், கட்டும் முன்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புப் பணம் எழுதி முடித்ததும் ஒரு அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். முட்டியின் இரண்டு பக்கமும் கம்பி வைத்த கறுப்புப் பட்டை. அதற்குக் கீழே கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. குழுவில் உள்கடன் எடுத்து வாங்கினாராம். "மூணு வாரமா ராத்திரிகூட கழட்டல மேடம். இறுக்கிக் கட்டுனாத்தான் வலி நிக்கும்னு சொன்னாங்க" என்றார். கழற்றிப் பார்த்தால் தோலில் குழி குழியாகத் தடம். கீல் இருந்த இடமோ முட்டிக்கு நாலு விரல் கீழே! அவர் மேல் என்ன தப்பு? விற்றவர் அளவும் எடுக்கவில்லை, கட்டும் விதமும் சொல்லவில்லை.

இந்தப் பட்டை என்ன செய்கிறது? கதவுக்குக் கீல் மாதிரிதான். முட்டியை முன்னும் பின்னும் மடக்க விடும், பக்கவாட்டில் சாய விடாது. அதனால் விழுந்து தசைநார் கிழிந்தவர்களுக்கும், ஆபரேஷன் ஆனவர்களுக்கும், மூட்டுத் தேய்ந்து நடக்கும்போது முட்டி 'மடக்'கென்று நழுவுகிறவர்களுக்கும் டாக்டர் இதை எழுதித் தருவார். சாதாரண வலிக்கு இது தேவைப்படாமலே போகலாம். ஆகவே முதலில் டாக்டர், பிறகு கடன். தேய்ந்த மூட்டை எந்தப் பட்டையும் வளர்த்துத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில பட்டைகளில் கீலிலேயே எண் போட்ட வட்டு இருக்கும். முட்டி எவ்வளவு மடங்கலாம், எவ்வளவு நீளலாம் என்பதை அதில் வைப்பார்கள். அதை டாக்டரோ பிசியோதெரபிஸ்டோதான் மாற்ற வேண்டும். 'இன்னிக்கு வலி கம்மியா இருக்கே' என்று நாமே திருகக் கூடாது.

வாங்கும்போது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். முட்டிச் சில்லின் நடுவில் ஒரு சுற்றளவு, தொடையில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று. சில்லிலிருந்து எவ்வளவு தள்ளி அளப்பது என்று பெட்டியிலேயே இருக்கும். பெரும்பாலும் 15 செ.மீ. தான்.

கட்டும்போது நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கீலும் சில்லின் நடுமட்டத்துக்கு நேராக வரணும். பட்டைகளில் எண் இருந்தால் அந்த வரிசையில் கட்டுங்கள். இல்லையென்றால் முட்டிக்குக் கீழே உள்ளதை முதலில் கட்டினால் வழுகி இறங்காது. உள்பாவாடைக்கு மேலே கட்டவே வேண்டாம், நாலு எட்டு வைப்பதற்குள் நழுவும். எவ்வளவு இறுக்கம்? பட்டைக்குள் இரண்டு விரல் நுழையணும். பத்து நிமிஷம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். கால்விரல் மரத்துப்போனாலோ, குளிர்ந்தாலோ, நீலம் பூத்தாலோ உடனே தளர்த்தணும். கெண்டைக்கால் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீங்க.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் உறைக்காது. அவர்கள் தினமும் கழற்றித் தோலைப் பார்க்கணும். டாக்டர் சொன்னாலொழிய கட்டிக்கொண்டு தூங்க வேண்டாம். வியர்வை நாறும் பட்டையைக் கம்பியை உருவிவிட்டு, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போடுங்கள்.

பட்டையை நம்பித் தொடைச் சதையை மறந்துவிடுகிறோம். அந்தச் சதைதான் முட்டிக்குச் சொந்தப் பட்டை. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துங்கள். 5 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, காலையும் மாலையும். ஆபரேஷன் ஆனவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யணும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த அக்காவுக்கு இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டரைப் பார்த்து, அளவு சரியான பட்டை மாற்றியிருக்கிறார். பழையதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த அம்மா கால் வேறு, அளவு வேறு.

வீட்டில் பட்டை வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க. நான் டேப் கொண்டு வரேன், அளந்து பார்ப்போம்.