யார்க் நகரம்: ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கலாம், எதற்குக் காசு கொடுக்கலாம்?

மகனோ மகளோ இங்கிலாந்தில் படிக்கிறார். பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறீர்கள். லண்டன் பார்த்தாச்சு, கையில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது. அப்போது பலரும் சொல்லும் ஊர்களில் ஒன்று யார்க். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து சுமார் 300 கி.மீ. வேகமான ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

போவது சுலபம்தான். உள்ளே நுழைந்த பிறகுதான் கணக்கு தொடங்குகிறது. யார்க்கின் பெரிய கட்டண இடங்களில் பெரியவர்களுக்கான டிக்கெட் 15 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு பவுண்டு 100 ரூபாய்க்கு மேல். நான்கு பெரியவர்கள் இப்படி இரண்டு இடம் பார்த்தால் 12,000 ரூபாய்க்கு மேல் போய்விடும், சாப்பாடு தனி. அதனால் எது காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது, எது இல்லை என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது.

காசில்லாமல் என்னென்ன பார்க்கலாம்?

நிறையவே பார்க்கலாம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே தெரிவது நகர மதில். ரோமானியர்கள் கி.பி. 71-இல் 'எபோராகம்' என்ற பெயரில் இங்கே கோட்டை கட்டினார்கள். இன்று நிற்கும் மதிலில் பெரும்பகுதி இடைக்காலத்தைச் சேர்ந்தது. மொத்தம் 3.4 கி.மீ., மேலேயே நடந்து போகலாம், கட்டணம் இல்லை. முழுச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் இல்லையா? பூத்தம் பார் வாசலிலிருந்து மங்க் பார் வாசல் வரை மட்டும் நடங்கள். தேவாலயத்தின் பின்பக்கம் முழுவதும் கண்முன் விரியும். ஒரு எச்சரிக்கை: பல இடங்களில் உட்பக்கம் கைப்பிடி கிடையாது. சின்னக் குழந்தைகளின் கையை விட்டுவிடாதீர்கள். இருட்டத் தொடங்கினால் மதிலைப் பூட்டிவிடுவார்கள்.

'பார்' என்றதும் குழம்ப வேண்டாம். இந்த ஊரில் 'பார்' என்றால் நகர வாசல், 'கேட்' என்றால் தெரு. தெருவைக் குறிக்கும் வைகிங் காலச் சொல் அப்படியே தங்கிவிட்டது.

அடுத்து தேசிய ரயில்வே அருங்காட்சியகம். இதற்கும் கட்டணம் இல்லை. 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல், அதாவது 203 கி.மீ. வேகத்தில் ஓடி நீராவி என்ஜின்களில் உலக சாதனை படைத்த 'மாலர்ட்' இங்கேதான் நிற்கிறது. ஜப்பானின் ஷின்கான்சென் புல்லட் ரயில் பெட்டியும் உண்டு. ரயில் பிடிக்கும் பிள்ளைகளோடு போனால் அரை நாள் இங்கேயே போய்விடும். அது ஒன்றும் நஷ்டமில்லை.

ஷாம்பிள்ஸ் தெருவை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மேல்மாடிகள் ஒன்றையொன்று தொடுவதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கசாப்புக் கடைத் தெரு அது. ஹாரி பாட்டர் கதையின் சந்தைத் தெரு இதைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது என்று கடைக்குக் கடை சொல்வார்கள். எழுதிய ரௌலிங் அதை மறுத்துவிட்டார். காலை 9 மணிக்கு முன் போனால் நடக்க இடம் இருக்கும்.

சரி, எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஒன்றே ஒன்றுக்குத்தான் என்றால் யார்க் மின்ஸ்டர் தேவாலயம். கட்டத் தொடங்கியது 1220-களில், முடித்தது 1472-இல். கிழக்குப் பக்கத்தில் டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. 1405 முதல் 1408 வரை மூன்று ஆண்டுகளில் ஜான் தார்ன்டன் என்ற கைவினைஞரின் தலைமையில் செய்தது. அவருக்குக் கிடைத்த மொத்தத் தொகை 56 பவுண்டு, அதில் 10 பவுண்டு போனஸ். மத்திய கோபுரத்தில் ஏற 275 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று அந்த ஜன்னலைப் பார்ப்பது மேல். கையில் பணம் குறைவு என்றால், மாலைப் பாடல் வழிபாட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாக உட்காரலாம். ஆனால் அது வழிபாடு. எழுந்து சுற்றக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

யார்விக் வைகிங் மையம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். 1976 முதல் 1981 வரை தோண்டிய இடத்திலேயே 1984-இல் திறந்தார்கள். சின்ன வண்டியில் உட்காரவைத்து, வாசனை, நாற்றம் எல்லாம் சேர்த்து வைகிங் ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஊஸ் ஆறு அடிக்கடி கரை புரளும் ஊர் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த மையமே மூழ்கி, 2017 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது. குளிர்காலத்தில் போகிறவர்கள் முந்தைய நாள் வெள்ள நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கிளிஃபோர்ட்ஸ் டவர் மேட்டில் என்ன நடந்தது?

உள்ளே போகக் கட்டணம். போகாவிட்டாலும் அடிவாரத்தில் பதித்திருக்கும் கல்வெட்டைப் படியுங்கள். 1190 மார்ச்சில் ஊர்க் கும்பலுக்குப் பயந்து சுமார் 150 யூதர்கள் இங்கிருந்த மரக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். பலர் தற்கொலை செய்துகொண்டார்கள், மிச்சமிருந்தவர்களைக் கும்பல் கொன்றது. பிறகு அதே ஆட்கள் தேவாலயத்துக்குப் போய், அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். பத்திரம் எரிந்தால் கடனும் போச்சு. இப்போது நிற்கும் கல் கோபுரம் அதற்குப் பின் 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது.

வழிகாட்டிப் புத்தகங்கள் அதிகம் சொல்லாத யார்க்

எனக்கு, தரவுகளோடு மல்லாடுகிற ஆள் என்பதால், இந்த ஊர் வேறு காரணத்துக்காகவும் முக்கியம். கிட்கேட் பிறந்தது இங்கேதான்: ரவுன்ட்ரீ சாக்லேட் கம்பெனி 1935-இல் வேறு பெயரில் விற்கத் தொடங்கியது. அதே குடும்பத்தின் சீபோம் ரவுன்ட்ரீ, 1899-இல் யார்க்கின் தொழிலாளர் வீடுகளுக்கு வீடு வீடாக ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார். மொத்தம் 11,560 குடும்பங்கள். 1901-இல் புத்தகமாக வந்தபோது தெரிந்த எண்: நகர மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில்.

வறுமை என்று எதை வைத்துச் சொன்னார்? உடல் இயங்கத் தேவையான உணவு, வாடகை, துணி, விறகு, கரி. கணவன், மனைவி, மூன்று குழந்தைகளுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். அந்தக் கணக்கில் பஸ் கட்டணத்துக்கோ அரை பென்னி செய்தித்தாளுக்கோ கூட இடமில்லை. இந்தியாவில் 1979-இல் அலக் குழு கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வறுமைக்கோட்டை வரைந்ததும் இதே வகைக் கணக்குத்தான். நம் ஊர் விவாதங்களில் இன்றும் அடிபடும் 'கோடு' இந்தத் தெருக்களிலும் நடந்து பழகியிருக்கிறது.

ரயிலுக்குத் திரும்பும்போது நார்த் ஸ்ட்ரீட் வழியாக வாருங்கள். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா சாவுகளை வீடு வீடாகக் குறித்து, குற்றவாளி காற்று அல்ல, ஒரு தெருக் குழாயின் தண்ணீர் என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோ 1813-இல் பிறந்தது இந்தத் தெருவில்தான். ஆற்றோரப் பூங்காவில் அவர் நினைவாக ஒரு அடிபம்பு வைத்திருக்கிறார்கள். கைப்பிடி இருக்காது. சோஹோவில் அவர் சொல்லிக் கழற்றியது அதைத்தான்.