காணாத சரக்கும் எழுதாத பேச்சும்

உங்கள் இல்லத்துத் தொழுகை விரிப்பைச் சற்றே புரட்டிப் பாருங்கள். அது சீனாவில் நெய்யப்பட்டதாக இருக்கக்கூடும். புனிதப் பயணத்தின்போது ஆசையோடு வாங்கிவந்த தஸ்பீஹ் எண்ணும் கருவியும் சீனத்துச் சரக்காக இருப்பது அரிதன்று.

இத்தகைய பொருள்களின் பெருஞ்சந்தை, அந்நாட்டின் செஜியாங் மாகாணத்து யீவூ நகரில் உள்ளது. ஏறத்தாழ 75,000 கடைகள்! அரபு நாட்டாரும் ஆப்பிரிக்கரும் நம் நாட்டாரும் அங்கே கொள்முதலுக்குச் செல்கின்றனர்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், அவ்வூருக்குச் செல்லாமலே, கைப்பேசியில் படம் பார்த்து 2,000 தொழுகை விரிப்புகளுக்கு விலை பேசினார். ‘படத்தில் உள்ளவாறே, நல்ல தரம்’ என்பதுதான் ஒப்பந்தம். விலையை மட்டும் மூன்று முறை குறைக்கச் சொன்னார். விற்பவரோ ஒவ்வொரு முறையும் ‘மேய் வென்தி’ என்றார். ‘சிக்கல் ஒன்றுமில்லை’ என்று பொருள். நூற்றுக்கு முப்பது முன்பணம், எஞ்சியது கப்பலேற்றுமுன். முழுத்தொகையும் போய்ச் சேர்ந்தது. சரக்கு வந்து பொதியை அவிழ்த்தால், பூவேலைப்பாடு படத்தில் கண்டபடியே இருந்தது, கனம்தான் இல்லை.

‘ஏமாற்றிவிட்டான்’ என்று கொதித்தார். அவருடைய தாள்களை வாங்கிப் படித்தேன். விரிப்பின் எடை எத்தனை கிராம் என்ற ஒரு வரி அவற்றில் இல்லை! குறைத்த விலைக்கேற்ப நூலையும் குறைத்திருந்தார் நெசவாலைக்காரர். அவர் குற்றமற்றவர் என்று நான் கூறவில்லை. குறைப்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆயினும் எழுதாமல் விட்டதை விலையே தீர்மானித்துவிடுகிறது.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது (2:282). சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையாதீர் என்று அது பணிக்கிறது. அண்ணல் நபிகளார் (ஸல்) மதீனா வந்தபோது, மக்கள் பேரீச்சங்கனிக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னரே பணம் கொடுத்து வந்தனர். நபிகளார் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இந்த ‘ஸலம்’ பாடத்தை அம்மாணவருக்கு நடத்தியவன் நானேதான். பேரீச்சங்கனியோடு நிறுத்திக்கொண்டேன்!

ஸலமில் விலை முழுவதையும் முன்னதாகவே செலுத்திவிட வேண்டும். அவ்வாறாயின் முப்பது விழுக்காடு முன்பணம் கூடுமா என்று கேட்பீர்கள். சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு ஹனஃபி மத்ஹபில் ‘இஸ்திஸ்னாஃ’ என்ற தனி ஒப்பந்தம் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இது ஸலமின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இஸ்திஸ்னாஃ இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும், விலையைத் தவணைகளில் செலுத்தலாம் என்றும் முடிவு செய்தது. ஆனால் பொருளின் இனம், வகை, அளவு, தன்மைகள், ஒப்படைக்கும் காலம் யாவும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மறுமுறை அவர் நேரிலேயே சென்றார். மொழிபெயர்க்க வாய்த்தவர் ஹுய் இனத்து முஸ்லிம் இளைஞர்; நிங்சியாவில் அரபுப் பாடசாலையில் பயின்றவர். அவரைப் போன்ற ஹுய் இளைஞர்கள் பலர் யீவூவில் இத்தொழிலில் இருக்கின்றனர். ‘அரபு ஓதி என் பிள்ளை என்ன செய்யப்போகிறான்?’ என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் கவனிப்பார்களாக! எங்கள் மாணவரும் அந்த இளைஞரும் கிதாபில் படித்த அரபியிலேயே உரையாடி விலை முடித்தனர்.

ஒப்புக்கொண்ட மாதிரி விரிப்பை இரண்டாக வெட்டி, கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டனர். எடை, நீளம், அகலம், சாயம், பொதியும் முறை எல்லாம் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டன. சீனப் புத்தாண்டுக்கு ஆலைகள் வாரக்கணக்கில் மூடப்படுமாதலால், ஒப்படைக்கும் தேதி அதற்கு முன்னரே குறிக்கப்பட்டது. எஞ்சிய பணம், ஆலையிலேயே சரக்கைப் பிரித்து நிறுத்துப் பார்த்த பின்னரே கொடுக்கப்பட்டது.

சரக்கு வந்திறங்கிய மறுவாரம் அந்தப் பாதி விரிப்பை என்னிடம் தந்துவிட்டார். ஸலம் பாடம் நடத்தும் நாளில் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்து, விரலிடையில் வைத்துக் கனம் பார்க்கச் சொல்கிறேன்.