மாட்டின் கடவுச்சீட்டு

தொழுவத்தில் பிறக்கும் கன்று பலர் கைமாறி, பல ஊர்களைக் கடந்து செல்வதுண்டு. அதன் வரலாற்றை முழுமையாக அறிந்தவர் எவரும் இலர். நோய் தோன்றாத வரையில் இவ்வறியாமையால் தீங்கில்லை. நோய் வந்துற்றபோது இஃது எத்துணை இடர் விளைக்கும் என்பதைப் பிரிட்டன் நாடு பட்டறிந்தது.

1986ஆம் ஆண்டில் அந்நாட்டு மாடுகளிடையே புதியதொரு மூளைநோய் கண்டறியப்பட்டது. நோயுற்ற பசுக்கள் வெருண்டன; கால் தள்ளாடி விழுந்தன; இறுதியில் மாண்டன. இறந்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துத் தீவனத்தில் கலந்தமையே நோய் பரவக் காரணமாயிற்று. நோய் பற்றிய பின்னர் அறிகுறி வெளிப்படப் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் மாடு எத்தனை பண்ணைகளுக்கு மாறியிருக்குமோ!

1996 மார்ச்சுத் திங்களில், மக்களிடம் தோன்றிய கொடிய மூளைநோய் ஒன்றிற்கும் இம்மாட்டு நோய்க்கும் தொடர்பிருக்கக் கூடும் என்று அரசு அறிவித்தது. நாடே நடுங்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டன் மாட்டிறைச்சியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. முப்பது திங்களுக்கு மேற்பட்ட மாடுகள் உணவாகலாகா என்ற விதியும் பிறந்தது. ஆனால், மாட்டின் அகவையை அறிவது எங்ஙனம்? பிறப்புக் குறிப்பு இல்லாதவிடத்துப் பல்லைப் பார்த்தே கணிக்க வேண்டியிருந்தது. பல இலட்சம் மாடுகள் கொன்று அழிக்கப்பட்டன.

இத்துன்பத்தினின்றும் ஒரு நன்முறை தோன்றியது. 1996 சூலை முதல் பிறந்த மாடுகளுக்குக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. கன்றின் காதில் அணிவிக்கப்பட்ட எண், பிறந்த நாள், இனம், தாய்ப்பசுவின் எண், வளர்த்த பண்ணைகள் ஆகியன அதில் குறிக்கப்பட்டன. 1998இல் இக்குறிப்புகளைக் கணிப்பொறியில் பதியும் ஏற்பாடும் வந்தது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், மாடு பிறந்த நாடு, வளர்ந்த நாடு, வெட்டப்பட்ட நாடு ஆகியவற்றை இறைச்சிப் பொதியின்மேல் எழுதுமாறு பணித்தது. மாட்டையோ மாட்டுக் கூட்டத்தையோ சுட்டும் எண் ஒன்றும் பொதியில் இடம்பெற்றது. அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு கடையிலிருந்து பண்ணைவரை பின்னோக்கிச் செல்லலாம்.

இவ்வேற்பாடு ஒரு சங்கிலி போன்றது. வளர்ப்பவர், விற்பவர், வெட்டுபவர், கடைக்காரர் ஆகிய அனைவரும் அதன் கண்ணிகள். ஒருவர் எழுதத் தவறினும் சங்கிலி அறுந்துபோம். காதிலுள்ள எண் நோயைத் தீர்ப்பதன்று. நோய் எங்குள்ளது என்று காட்டுவது. அதனை அறிந்தால் உண்பவரைக் காக்கலாம். குற்றமற்ற மந்தைகளையும் காக்கலாம்.