மலை ஏறும்போது கருகல் நாற்றமா? கிளட்ச் செட்டை மாத்தறதுக்கு முன்னாடி இதை பாருங்க!

திருத்தணி,

அறுபடை வீடுகளில் 5-வது படை வீடான திருத்தணி முருகன் கோவிலுக்கு நடந்து ஏறினால் 365 படிகள். காரில் வருபவர்களுக்கு தனியாக மலைப்பாதை உள்ளது. சென்னையில் இருந்து சுமார் 85 கிலோ மீட்டர் தூரம் சமதளத்தில் சொகுசாக ஓடிவரும் கார், கடைசி ஏற்றத்தில்தான் தன் சுயரூபத்தை காட்டும். கிருத்திகை, விடுமுறை நாட்களில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும்போது திடீரென்று கருகல் நாற்றம் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் அலறும், வண்டி இழுக்காது. பின்னால் வேறு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஒர்க்ஷாப்புக்கு போனால் "பிளேட் போச்சு, செட்டா மாத்தணும்" என்ற பேச்சுதான் பெரும்பாலும் முதலில் வரும். கியர் பாக்சை இறக்கித்தான் கிளட்சை மாற்ற முடியும் என்பதால் கூலியும் எகிறும். வாடகைக்கு கார் ஓட்டி பிழைப்பவருக்கு செலவோடு சேர்ந்து சவாரியும் போச்சு. ஆனால் எல்லா கோளாறுக்கும் பிளேட் காரணம் இல்லை.

சுற்றுகிற என்ஜினையும், கியர் பாக்சையும் சேர்த்து வைப்பதும், பிரித்து விடுவதும்தான் கிளட்சின் வேலை. பெடலை முழுசாக மிதித்தால் பிரியும். முழுசாக விட்டால் பிளேட் இறுக ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும். பாதி மிதித்தபடி இருந்தால் ஒட்டியும் ஒட்டாமலும் உரசி சூடேறும். அந்த சூட்டில் பிளேட் கருகுவதுதான் மூக்கை துளைக்கும் நாற்றம்.

பிளேட் வழுக்குகிறதா என்று தெரிந்துகொள்ள, ஆள் இல்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, 3-வது கியரை போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். என்ஜின் உடனே அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்ப திரும்ப செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகும்.

வழுக்கினாலும் உடனே செட்டை மாற்ற ஓடாதீர்கள். மாருதி 800 போன்ற கேபிள் வண்டிகளில் கேபிள் ரொம்ப இறுக்கமாக இருந்தாலே கிளட்ச் முழுசாக பிடிக்காது. பெடலை மிதித்ததும் முதலில் கொஞ்சம் லூசாக இறங்க வேண்டும். அந்த லூஸ் இல்லையென்றால் கேபிளை சரி செய்தாலே போதுமானதாக இருக்கலாம். காசு அதிகம் ஆகாத வேலை இது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. என்ஜின் ஆப் ஆகியிருக்கும்போது கியர் சுலபமாக விழுகிறது, ஸ்டார்ட் செய்தால் கரகரவென்று சத்தத்தோடு அடம்பிடிக்கிறது என்றால் கிளட்ச் சரியாக பிரியவில்லை. ரிவர்ஸ் கியரில்தான் இது முதலில் தெரியும். கேபிள் தொய்ந்திருக்கலாம். ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால் ஆயில் கசிந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். பெடல் சொத்தென்று தரையில் விழுந்து மேலே வராவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது.

பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் மீதுதான் முதல் சந்தேகம். முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறினால் பிளேட்டில் என்ஜின் ஆயில் பட்டிருக்கலாம். என்ஜின் மவுண்டிங் உடைந்தாலும் இதே உதறல் வரும் என்பதால் அதையும் பார்க்க சொல்வது நல்லது.

மலைப்பாதையில் நிற்க நேர்ந்தால் அரை கிளட்சில் வண்டியை தாங்கிப் பிடிக்காமல், ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் நிறுத்த வேண்டும். முன்னால் உள்ள வண்டி நன்றாக நகர்ந்த பிறகு கிளம்பலாம். ஓடும்போது கிளட்ச் பெடல் மேல் காலை வைத்து 'ரெஸ்ட்' எடுப்பதும் பிளேட்டை தின்றுவிடும். கருகல் நாற்றம் வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இறங்கும்போது கிளட்சை மிதித்தபடி உருட்டிக்கொண்டு வரக்கூடாது. 2-வது கியரில் இறங்கினால் பிரேக்கும் சூடாகாது.

அப்படியும் பிளேட் தேய்ந்தே போயிருந்தால் பிரஷர் பிளேட், பேரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் லாபம். இல்லையென்றால் பேரிங்குக்காக மறுபடியும் கியர் பாக்சை இறக்க கூலி கொடுக்க வேண்டி வரும். கழற்றிய பழைய பிளேட்டை மட்டும் கேட்டு வாங்கி பாருங்கள். ரிவிட் தலை வரை தேய்ந்திருந்தால் நியாயமான செலவுதான்.